தீபாவளி இரவுக்கு எந்த ரீமேட்ச்?

கொழும்பில் கடைகளிலும் கம்பெனிகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு ஏறி வந்துவிட்டால், தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் ஓர் இரவை எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கிற சண்டை, பார்க்கிற கூட்டத்துக்கு ஒதுக்கித் தருகிறார்கள். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் இந்த விளையாட்டைப் பின்தொடர்கிறவர்கள் வெளியே தெரிவதைவிட அதிகம். பாதிப் பேர் கராத்தே வகுப்பு வழியாக வந்தவர்கள். மிச்சப் பேருக்கு ஃபோன்தான் குரு. இந்த முறை யூஎஃப்சி என்கிற எம்எம்ஏ கம்பெனியின் பழைய பட்டப் போட்டி ஒன்றை, அதிலும் ஒரு ரீமேட்சை (ஏற்கெனவே மோதிய இரண்டு பேர் திரும்ப மோதுவதை), மல்டிமீடியா புரொஜெக்டரில் பெரிதாகப் போட்டு முழுசாகப் பார்ப்பது என்று பேசி முடித்தாகிவிட்டது. எந்த ரீமேட்ச் என்பதில்தான் இழுபறி. வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் வாய்ஸ் மெசேஜ் போட்டதில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஏறவில்லை. அதனால் என் பக்கத்து நியாயத்தை எழுத்தில் வைக்கிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. மண்டபம் இரவு ஒன்பது மணி வரைதான். வருகிறவர்களில் விளையாட்டுத் தெரிந்தவர்கள் கால்வாசி இருந்தால் பெரிது. அவர்களோடு தம்பி தங்கச்சிமார் வருவார்கள். சத்தம் கேட்டு அம்மாமார் எட்டிப் பார்ப்பார்கள், பிறகு உட்கார்ந்தும் விடுவார்கள். வர்ணனை ஆங்கிலத்தில் ஓடும். அதை நம்பி எதையும் விளங்கவைக்க முடியாது. ஆகவே கண்ணால் பார்த்தே பிடிபடுகிற கதை வேண்டும்.

இன்னொன்று, முதல் மோதலைக் காட்டாமல் ரீமேட்சை மட்டும் போட்டால் பாதிக் கதைதான். இரண்டாவதில் ஒருவர் ஏன் இப்படித் தயங்குகிறார், ஏன் அவசரப்படுகிறார் என்பதற்கெல்லாம் காரணம் முதலாவதில் கிடக்கிறது. அதனால் நான் கேட்கிற கேள்வி இரண்டு. இரண்டு சண்டையையும் சேர்த்து, இடையில் பேசவும் நேரம் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அடக்க முடியுமா? இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று, சண்டைக்காரரின் பெயர்கூடத் தெரியாத ஒருவர் பார்த்துச் சொல்ல முடியுமா? கணக்குத் தெரியாதவர்களுக்காக: பட்டப் போட்டி 5 நிமிடச் சுற்றுகள் 5, இடையே 1 நிமிட ஓய்வு, முழுசாகப் போனால் 29 நிமிடம். பட்டம் இல்லாத சாதாரணச் சண்டை 3 சுற்று, 17 நிமிடம்.

இரண்டு பெயரை உடனே ஒதுக்கிவிடலாம். சக் லிடெல், ரண்டி கூட்யூர் மோதிய ரீமேட்ச் 2005 ஏப்ரலில் நடந்தது. யூஎஃப்சி தொலைக்காட்சியில் காலூன்றிய அதே மாதம். அதற்கு வழி போட்டது புதுச் சண்டைக்காரர்கள் மோதுகிற ஒரு தொலைக்காட்சித் தொடர்; இரண்டு பேருமே அதன் பயிற்சியாளர்கள். வரலாறு பிடித்தவர்கள் பார்க்க வேண்டியதுதான். ஆனால் 2 நிமிடம் 6 செக்கனில் லிடெல் முடித்துவிடுகிறார். நாற்காலி அடுக்கி, ஆட்களைக் கூட்டி, பிளேன்டி ஊற்றி ஆளுக்கொரு கோப்பை கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்தது அண்டர்சன் சில்வா, கிறிஸ் வைட்மன், 2013 டிசம்பர் 28. இரண்டாவது சுற்றில் சில்வா உதைத்த கால் வைட்மனின் முழங்காலில் பட்டு, கெண்டைக்காலில் இரண்டு எலும்பும் முறிகிறது. வைட்மன் தற்செயலாகக் காலைத் தூக்கவில்லை. தாழ்வாக வரும் உதையை முழங்காலால் வாங்குவதைப் பழகிக்கொண்டுதான் வந்திருந்தார். உதை பழகுகிற பிள்ளைகளுக்குப் பாடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வாயால் சொல்லிக்கொடுத்தால் போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி உண்மையான போட்டியாளர்கள்.

ஜோர்ஜ் சென்-பியர், மாட் செரா கதைக்குக் கூட்டத்தில் மூத்தவர்கள் ஆதரவு. அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. 2007 ஏப்ரல், ஹூஸ்டன். சென்-பியர் 77 கிலோ பிரிவின் புதுச் சாம்பியன். இனிப் பத்து வருடத்துக்கு இவரை அசைக்க ஆள் இல்லை என்று பேசிக்கொண்டிருந்த நேரம். செரா ஒரு தொலைக்காட்சித் தொடரில் வென்று, அதற்குப் பரிசாகப் பட்டப் போட்டி வாய்ப்புப் பெற்றவர். அவர் ஜெயிப்பார் என்று அவருடைய வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். முதல் சுற்றிலேயே 3 நிமிடம் 25 செக்கனில் சென்-பியரை அடித்து விழுத்தினார். இந்த விளையாட்டின் மிகப் பெரிய அதிர்ச்சி எது என்று கேட்டால் இன்றைக்கும் நிறையப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

ரீமேட்ச் 2008 ஏப்ரல் 19, சென்-பியரின் சொந்த ஊரான மொன்றியலில். யூஎஃப்சி கனடாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 21,000 பேருக்கு மேல் மண்டபத்தில். இடைப்பட்ட காலத்தில் சென்-பியர் மனோதத்துவப் பயிற்சியாளர் ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் சொன்னபடி ஒரு செங்கல்லில் செராவின் பெயரை எழுதி, சுமந்து திரிந்து, கடைசியில் ஆற்றில் எறிந்தாராம். எங்கள் ஊரில் இதற்குப் பூசாரியிடம் போவார்கள், செலவும் குறைவு. எப்படியோ பாரம் இறங்கியிருக்கிறது. மணி அடித்தவுடனேயே செராவைத் தரையில் தள்ளுகிறார். முதல் மோதலில் நின்று கைவீச்சுக்கு இடம் கொடுத்தவர், இரண்டாவதில் நிற்கவே விடவில்லை. இரண்டாவது சுற்றில் முழங்காலால் விலாவில் குத்திக் குத்தியே 4 நிமிடம் 45 செக்கனில் முடிக்கிறார்.

இரண்டு சண்டையும் சேர்த்து 15 நிமிடம்கூட இல்லை. என்ன மாறியது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் ஏன் இது என் முதல் தேர்வு இல்லை? இரண்டாவது சண்டையில் சந்தேகம் என்கிற ஒன்று கிடையாது. முதல் நிமிடத்திலேயே யார் வெல்லப் போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. மிச்சம் ஒன்பது நிமிடம் அது நடந்து முடிவதற்குக் காத்திருப்பதுதான். சென்-பியரை ஏற்கெனவே நேசிப்பவருக்கு அது திருவிழா. புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு பெரிய ஆள் ஒரு சின்ன ஆளைப் போட்டு அமுக்குகிற காட்சி. பயிற்சி எடுக்கிற பையன்களை மட்டும் உட்காரவைத்துக் காட்டுவதாக இருந்தால் இதைத்தான் போடுவேன். திட்டம் போட்டுச் சண்டை பிடிப்பது எப்படி என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் சண்டை குறைவு.

ஃபிராங்கி எட்கார், கிரே மேனார்ட். 2011 புத்தாண்டு நாள், லாஸ் வேகாஸ். இதைப் பற்றி எழுதும்போது நான் கொஞ்சம் பக்கம் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த ரீமேட்ச் எது என்று கேட்டால் இதுதான், இதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

எட்கார் 70 கிலோ பிரிவில் சின்ன உடம்பு. அதற்கும் கீழே ஒரு பிரிவில் நின்றிருக்க வேண்டியவர். பிஜே பென்னை ஒரே வருடத்தில் இரண்டு தடவை வென்று சாம்பியன் ஆனவர். அவரை அதுவரை தோற்கடித்திருந்த ஒரே ஆள் மேனார்ட். அது 2008இல் நடந்த மூன்று சுற்றுச் சண்டை. சரி, ரீமேட்சின் முதல் சுற்றில் மேனார்ட் எட்காரை மூன்று தடவை விழுத்துகிறார். எட்கார் எழுந்து நிற்கிறார், கால் தள்ளாடுகிறது, திரும்பவும் விழுகிறார். நடுவர் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. மூக்கில் இரத்தத்தோடு மூலைக்குப் போன ஆள், இரண்டாவது சுற்றுக்கு எழுந்து வந்து மேனார்டைத் தூக்கித் தரையில் போடுகிறார்! அங்கிருந்து ஐந்தாவது சுற்றின் மணி வரைக்கும் பின்வாங்கவே இல்லை.

முடிவு சமநிலை. புள்ளி போடுகிற மூன்று நடுவர்களில் ஒருவர் எட்காருக்கு 48–46, இன்னொருவர் மேனார்டுக்கு 48–46, மூன்றாமவர் 47–47. பட்டம் எட்காரிடமே தங்கியது. இந்த எண் எப்படி வருகிறது என்பதை விளக்கினால் புள்ளி போடும் முறையே விளங்கிவிடும். சாதாரணமாக ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் மற்றவரைத் துவைத்து எடுத்துவிட்டால் தோற்றவருக்கு 8. முதல் சுற்றில் மேனார்டுக்கு 10–8 கொடுத்துவிட்டு, மிச்ச நாலில் மூன்றை எட்காருக்கும் ஒன்றை மேனார்டுக்கும் கொடுத்துக் கூட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 47. முதல் சுற்றுக்கு 8க்குப் பதில் 9 போடுகிறவராக இருந்தால் அந்த நடுவருக்கு எட்கார் ஒரு புள்ளியால் வென்றிருப்பார். ஒரே ஒரு புள்ளிக்காக இன்றைக்கும் வாய்ச்சண்டை போடலாம், போட்டிருக்கிறோம். அந்தச் சமநிலையால் வெளியே ஒருவர் அடிபட்டார்: வெல்பவரோடு மோதக் காத்திருந்த அன்தனி பெட்டிஸ். வென்றவர் என்று யாரும் இல்லாததால் இவர்களுக்கு மூன்றாவது மோதல் வைத்தார்கள். பெட்டிஸ் காத்திருக்காமல் வேறு சண்டை எடுத்து அதில் தோற்றும் போனார். மூன்றாவது மோதலில் எட்கார் நாலாவது சுற்றில் மேனார்டை விழுத்திக் கணக்கை முடித்தது 2011 அக்டோபரில்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைத் தீபாவளிக்கு வேண்டாம் என்கிறேன். முதல் மோதல் 17 நிமிடம், பெரும்பாலும் மல்யுத்தப் பிடி, புதியவர்களைத் தூங்கவைக்கும். ரீமேட்ச் 29 நிமிடம். முடிவில் இரண்டு பேரின் கையையும் உயர்த்தாமல் விட்டால் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "அப்ப யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்று சொன்னால், "இதுக்கா இவ்வளவு நேரம் உட்காரவச்ச?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு மூன்றாவது சண்டையையும் போட்டால்தான் பதில் வரும்; ஒன்பது மணி தாண்டிவிடும்.

இனிப் பெரும்பான்மைக் கட்சி. இளைஞர்களில் அநேகம் பேருக்கு கமாரு உஸ்மான், லியொன் எட்வர்ட்ஸ் சண்டைதான் வேண்டும். 2022 ஆகஸ்ட் 20, அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி. எங்களுக்கு அது ஞாயிறு காலை. கரண்ட் வெட்டும் பெற்றோல் வரிசையுமாகக் கழிந்த வருடம் அது. அந்தக் காலைக்காக ஃபோனுக்குச் சார்ஜ் சேர்த்து வைத்திருந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இதற்கான வாதங்கள் பலமானவை. முதலாவது எட்வர்ட்ஸ் வந்த வழி. ஜமேக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, சிறுவயதில் தகரக் கூரை வீட்டில் நிறையப் பேரோடு அடைந்து வாழ்ந்து, ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். அங்கே பதின்ம வயதில் தகப்பனைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தவர். லயத்துக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது வாதம் எனக்கே பிடித்தது, ஏனென்றால் அதை எங்கள் ஊர் ஆட்கள்தான் சரியாக விளங்கிக்கொள்ள முடியும். சோல்ட் லேக் சிற்றி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர். ஹட்டனும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இங்கேயே பிறந்து ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. கொழும்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வருகிற பையன் முதல் நாள் கிரிக்கெட்டில் மூன்று ஓவர் போட்டதும் இடுப்பில் கைவைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். முதல் சுற்றில் எட்வர்ட்ஸ் பறக்கிறார். யூஎஃப்சியில் அதுவரை யாரும் செய்யாததைச் செய்து, உஸ்மானைத் தரையில் தள்ளுகிறார். இரண்டாவது சுற்றிலிருந்து அதே எட்வர்ட்ஸின் தோள் தொங்குகிறது, வாய் திறந்தபடியே இருக்கிறது. பயம், சோர்வு, மனம் விட்டுப்போனது என்று வெளியே ஆயிரம் விளக்கம் சொன்னார்கள். உயரத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

அப்புறம் அந்த முடிவு. நாலு சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் தாளிலும் உஸ்மான் 39–37 என்று முன்னால். இன்னும் ஒரு வெற்றி வந்தால் யூஎஃப்சியில் தொடர்ந்து 16 வெற்றி, அண்டர்சன் சில்வாவின் சாதனைக்குச் சமம். மூலையில் எட்வர்ட்ஸின் பயிற்சியாளர், இப்படி உன்னை நீயே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்காதே என்று கத்திவிட்டு அனுப்புகிறார். ஐந்தாவது சுற்றில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம் இருக்கும்போது எட்வர்ட்ஸ் இடது கையை நீட்டுவது போலக் காட்டுகிறார். உஸ்மான் அதற்குத் தலையைச் சாய்க்கிறார். சாய்ந்த பக்கத்திலேயே இடது கால் வந்து முடிகிறது. 4 நிமிடம் 4 செக்கன்.

"அண்ணே, இதுக்கு மேல என்னண்ணே வேணும்?" என்று தம்பி ஒருவன் கேட்டான். எனக்கு வேண்டியது மிச்ச 28 நிமிடத்துக்கு ஒரு பதில். அந்த உதையை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. ஃபோன் வைத்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பத்து செக்கன் துண்டாகப் பார்த்திருக்கிறது. இந்த விளையாட்டின் பெயர் தெரியாதவர்கள்கூடப் பார்த்திருக்கிறார்கள். முழுச் சண்டையைப் போட்டால் முடிவு தெரிந்தவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். முடிவு தெரியாதவர்கள், உஸ்மான் எட்வர்ட்ஸைக் கம்பி வலையோடு சாய்த்து, மழையில் நனைந்த கம்பளியைத் தோளில் போட்ட மாதிரிப் பாரத்தை ஏற்றிக்கொண்டே இருப்பதை மூன்று சுற்று பார்க்க வேண்டும். அதன் கொடுமை விளையாட்டுத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். தெரியாதவருக்கு இரண்டு பேர் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். முதல் மோதலோ 2015இல் நடந்த மூன்று சுற்று, அதிலும் உஸ்மானின் பிடிதான். என் இரண்டாவது கேள்விக்கும் இது சரியாகப் பதில் சொல்லாது. முதல் மோதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் என்ன மாறியது என்று கேட்டால், 24 நிமிடம் வரைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

இதை வேண்டாம் என்பது சண்டையைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. ஏற்கெனவே பார்த்தவர்கள் மட்டும் கூடி, துண்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்கு இதைவிட நல்லது கிடையாது.

கூட்டத்தில் கராத்தே பழகுகிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவள் கேட்டது வேறு: ஏன் எல்லாருமே ஆம்பிளைகள்? அவள் முன்வைத்தது ரோஸ் நமயூனஸ், யோவானா யென்ட்ஷேய்ச்சிக் ரீமேட்ச், 2018 ஏப்ரல் 7, நியூயோர்க்கின் புரூக்ளின். 52 கிலோ பிரிவு. சும்மா ஒரு பேச்சுக்காக அவள் சொல்லவில்லை, சண்டையைப் படித்துவிட்டு வந்திருந்தாள். முதல் மோதல் 2017 நவம்பரில். யோவானா அதுவரை தோற்றதே இல்லை, பட்டத்தை ஐந்து தடவை காத்தவர், வாயும் பெரிது. அவர் முகத்துக்கு நேரே நின்று பேசப் பேச, ரோஸ் பரமண்டல ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். பிறகு 3 நிமிடம் 3 செக்கனில் யோவானாவைத் தரையில் போட்டு முடித்தார். ரீமேட்சுக்கு இரண்டு நாள் முன்பு, ரோஸ் உட்கார்ந்திருந்த பஸ்ஸைத்தான் இன்னொரு யூஎஃப்சி சண்டைக்காரரான கொனர் மெக்ரெகர் ஆட்களோடு வந்து தாக்கிக் கண்ணாடியை உடைத்தார். அந்தக் குலுக்கலோடு வந்து ஐந்து சுற்றும் நின்றாடினார் ரோஸ். மூன்று நடுவர்களும் 49–46 என்று கொடுத்தாலும் அது அவ்வளவு ஒருபக்கமான சண்டை இல்லை. யோவானாவின் தாழ்வான உதைகள் ரோஸின் முன்காலை நன்றாகவே பழுதாக்கின.

இரண்டும் சேர்த்து 32 நிமிடம். இரத்தம் குறைவு, வேகம் அதிகம். தலையில் கொழுந்துக் கூடை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிற பெண்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று தங்கச்சி சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. என் கேள்விகளில் முதலாவதை இது நன்றாகவே கடக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் தடுக்குகிறது. ரோஸ் இரண்டிலும் வெல்கிறார். மாறியது யோவானாவின் நிதானம். அது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

கடைசியாக என் தேர்வு. ஸ்டீபே மியோசிச், டேனியல் கோர்மியர், 2019 ஆகஸ்ட் 17, கலிபோர்னியாவின் அனஹைம். ஹெவிவெயிட்.

இரண்டு பேருமே மண்டபத்துக்குப் பிடித்துப்போகிற ஆட்கள். மியோசிச் ஒஹாயோவில் தீயணைப்பு வீரர், அவசர சிகிச்சை உதவியாளர். உலகச் சாம்பியனாக இருந்த காலத்திலும் அந்த வேலையை விடவில்லை. யூஎஃப்சி ஹெவிவெயிட் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று தடவை காத்த முதல் ஆள். கோர்மியர் ஒலிம்பிக் மல்யுத்த வீரர், குட்டை, தொப்பை வேறு, வாய் நிறையச் சிரிப்பு. பார்த்தால் தெருமுனைக் கடை முதலாளி மாதிரி. கூண்டுக்குள் போனால் யானைப் பலம். 2018 ஜூலையில் முதல் மோதல். கட்டிப்பிடித்து நின்று பிரிகிற நொடியில் கோர்மியரின் வலது கை மியோசிச்சின் தாடையைப் பிடித்தது. முதல் சுற்று, 4 நிமிடம் 33 செக்கன். கோர்மியர் ஒரே நேரத்தில் இரண்டு பிரிவின் பட்டத்தை வைத்திருப்பவர் ஆனார். மியோசிச் அதற்குப் பிறகு வேறு யாரோடும் மோத மறுத்து, ரீமேட்ச் வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் என்று கேலி செய்தவர்களும் உண்டு.

ரீமேட்சின் முதல் சுற்றில் கோர்மியர், 100 கிலோவுக்கு மேல் இருக்கிற மியோசிச்சை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்து தரையில் போடுகிறார். இந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மண்டபம் எழுந்து நிற்கும். முதல் மூன்று சுற்றில் பெரும்பாலும் கோர்மியர் கைதான் ஓங்கியிருக்கிறது. அவருக்கு வயது 40, ஆனால் அடி மேல் அடி போட்டுக்கொண்டே வருகிறார். மியோசிச் வாங்குகிறார், திருப்பிக் கொடுக்கிறார், ஆனால் ஒரு படி பின்னால்தான்.

நாலாவது சுற்றில்தான் விஷயம். கோர்மியருக்குக் கைகளை முன்னே உயர்த்தி நீட்டிப் பிடிக்கிற வழக்கம் உண்டு. தலைக்கு அது காவல். விலா திறந்து கிடக்கும். மியோசிச் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். இடது கையால் கோர்மியரின் வலது விலாவில் ஒன்று போடுகிறார். வலது விலாவுக்குக் கீழேதான் ஈரல் இருக்கிறது. அங்கே சரியாக விழுந்தால் எவ்வளவு பெரிய ஆளுக்கும் மூச்சு நின்று போகும். கோர்மியர் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறார். மியோசிச் இன்னொன்று போடுகிறார். திரும்பவும் அதே இடம். இப்போது கோர்மியர் முகம் சுளிக்கிறார், உடம்பு மடங்குகிறது, கை கீழே இறங்குகிறது. தலை திறந்தவுடன் மியோசிச்சின் வலது கை வருகிறது. 4 நிமிடம் 9 செக்கன், முடிந்தது.

நான் இதைப் பிடித்துத் தொங்குவது இதற்காகத்தான். மற்ற ரீமேட்ச்களில் மாற்றம் பயிற்சிக்கூடத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடுகிறது. சென்-பியர் மாறிவிட்டுத்தான் கூண்டுக்குள் வந்தார். இங்கே மாற்றம் சண்டைக்குள்ளேயே, நம் கண் முன்னாலேயே நடக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கிற ஆள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, அதே ஓட்டையில் திரும்பத் திரும்பக் கைவைப்பதை முதல் வரிசையில் இருக்கிற சின்னப் பையன் வர்ணனையாளருக்கு முன்னாலேயே கத்திச் சொல்லிவிடுவான். ஒருவனுக்கு ஒரு விளையாட்டு விளங்க ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். முதல் மோதலும் ரீமேட்சும் சேர்த்து 27 நிமிடத்துக்குள் அடங்குகிறது, முடிவிலும் யார் வென்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. ஹெவிவெயிட் சண்டை அழகில்லை. நாலாவது சுற்றில் இரண்டு பேரும் மூச்சிரைத்து, கால் இழுத்து நிற்கிறார்கள். எட்காரின் கால்வேலையையோ ரோஸின் துள்ளலையோ பார்த்த கண்ணுக்கு இது மெதுவாகத்தான் படும். அழகுதான் முக்கியம் என்பவர்கள் தங்கச்சியின் பக்கம் ஓட்டுப் போடலாம், எனக்கு வருத்தம் இல்லை. 2020இல் ஆளில்லாத மண்டபத்தில் நடந்த இவர்களின் மூன்றாவது மோதலை மட்டும் போட்டுவிடாதீர்கள். மியோசிச் புள்ளியில் வென்றார், கோர்மியர் ஓய்வு பெற்றார், அவ்வளவுதான்.

ஆக, நான் சொல்கிற ஒழுங்கு இது. ஏழரைக்கு முதல் மோதல். அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேச விடுவோம், மியோசிச் என்ன பிழை விட்டார் என்று ஆளுக்கு ஆள் சொல்லட்டும். பிறகு ரீமேட்ச். முடியும்போது எட்டேகால் தாண்டியிருக்கும். மிச்ச நேரத்துக்கு ரோஸ், யோவானா மோதிய இரண்டையும் போட்டால் ஒன்பதுக்குச் சரியாக இருக்கும். எட்கார், மேனார்ட் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு இஸ்தோப்புக்கு வரலாம், சின்ன டிவிதான், ரொட்டியும் சம்பலும் இருக்கும். எட்வர்ட்ஸ் கட்சிக்காரர்கள் தைப்பொங்கல் வரை பொறுக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழையில் மாலையானால் சிக்னல் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் இருந்து வருகிறவர்கள் யாராவது, காசு கட்டிப் பார்க்கிற கணக்கு வைத்திருப்பவர்கள், சண்டைகளை ஃபோனிலேயே முன்கூட்டி இறக்கிக்கொண்டு வாருங்கள். ஃபோனை மல்டிமீடியாவோடு இணைக்கிற வயரையும் மறக்க வேண்டாம். மறுப்பு இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் நாற்காலி அடுக்குகிற வேலை உங்களுக்கு.